குறுக்குவில்லால் மான் வேட்டை: ஒன்ராறியோ விதிகளும் கருவியின் கணக்கும்

குறுக்குவில் என்பது துப்பாக்கி போன்ற தண்டின் மேல் வில்லைக் குறுக்காகப் பொருத்தி, விசையை அழுத்தி அம்பு எய்யும் கருவி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அதை வாங்கத் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து எடுத்து வரலாம். வாங்குவது இவ்வளவு சுலபமாக இருப்பதால், வேட்டைக்கும் பெரிதாக விதி இருக்காது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. மாகாணத்தின் 1997-ஆம் ஆண்டு மீன், காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சுடுகருவி என்று சொல்லும் இடத்தில் துப்பாக்கியோடு வில்லும் குறுக்குவில்லும் அடங்கும். ஆகவே சுடுகருவியை வண்டியில் எப்படிக் கொண்டுபோவது, இருட்டிய பின் எப்படி வைப்பது என்ற விதிகள் எல்லாம் குறுக்குவில்லுக்கும் உண்டு.

கனடாவின் கூட்டாட்சிச் சட்டம் இரண்டு வகைக் குறுக்குவில்லைத் தடை செய்கிறது: ஒரே கையால் குறிவைத்து எய்யும்படி அமைந்தவை, மொத்த நீளம் 500 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ உள்ளவை. இணையத்தில் மலிவாக விற்கும் கைத்துப்பாக்கி வடிவச் சிறு குறுக்குவில் இந்தத் தடைக்குள் வருகிறது. வேட்டைக்கு இல்லை, விளையாட்டுக்குத்தான் என்று சொல்லியும் பயனில்லை. அதை வைத்திருப்பதே குற்றம்.

இங்கே சொல்லும் விதிகள் ஒன்ராறியோவுக்கு மட்டுமே உரியவை. அல்பேர்ட்டாவில் வில்லுக்கென்று ஒதுக்கிய பருவத்தில் சாதாரண வேட்டைக்காரர் குறுக்குவில் எடுத்துப் போக முடியாது. பிரிட்டனில் குறுக்குவில்லால் காட்டு விலங்கைக் கொல்வதை 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். லண்டனில் இருந்தோ சென்னையில் இருந்தோ படிப்பவர்கள் இதை அங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் கார்டு, பிறகு வில்

வரிசை முக்கியம். முதலில் ஒன்ராறியோ வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேற வேண்டும். அடுத்து வேட்டைத் தகுதி பதிந்த அவுட்டோர்ஸ் கார்டு, அதாவது மாகாணம் தரும் அடையாள அட்டை. வில்லும் குறுக்குவில்லும் மட்டும் போதும் என்பவருக்கு எச்-2 என்ற வகை. துப்பாக்கியும் வேண்டும் என்றால் எச்-1, அதற்குத் துப்பாக்கிப் பயிற்சி தனி. கார்டுக்குப் பிறகு அந்த ஆண்டுக்கான மான் உரிமமும் அதோடு வரும் டேக்கும் (கொன்ற மானைப் பதியும் சீட்டு). 12 வயது முதல் பிள்ளைகள் பயிற்சி வேட்டைக்காரராகப் பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் போகலாம்.

மாகாணம் காட்டுயிர் மேலாண்மை அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பருவத் தேதிகள் அலகுக்கு அலகு வேறு. தெற்கில் பல அலகுகளில் வில் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்கி டிசம்பர் 31 வரை ஓடுகிறது. இடையில் சில நாட்கள் துப்பாக்கிப் பருவம் வந்து போகும். ஒன்ராறியோவில் வில் பருவத்தில் குறுக்குவில்லையும் பயன்படுத்தலாம். அலகின் எண்ணும் அந்த ஆண்டின் தேதியும் மாகாணம் ஆண்டுதோறும் வெளியிடும் விதிச் சுருக்கத்தில் இருக்கும். போன வருடத்துப் பிரதியை நம்ப வேண்டாம்.

அலகு திறந்திருந்தாலும் நகராட்சியின் துணைவிதி குறுக்கே நிற்கலாம். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நகராட்சிகள் பலவற்றில் வில் எய்வதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. வீட்டுப் பின்வளவில் பயிற்சி செய்ய நினைப்பவரும் முதலில் நகராட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் கேட்கும் அளவுகள்

மானுக்கும் காட்டு வான்கோழிக்கும் குறுக்குவில்லின் இழுவிசை குறைந்தது 45 கிலோ, அதாவது ஏறத்தாழ 100 பவுண்டு. மூஸ், எல்க் என்னும் பெரிய மான் வகைகள், கருங்கரடி என்றால் 54 கிலோ, ஏறத்தாழ 119 பவுண்டு. இரண்டுக்கும் இழுநீளம் குறைந்தது 300 மில்லிமீட்டர். அம்புமுனை அதன் அகலமான இடத்தில் 22 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்; கூரான வெட்டு விளிம்பு இரண்டோ அதற்கு மேலோ வேண்டும்; தூண்டில் முள் போலப் பின்னோக்கிக் கொக்கி இருக்கக் கூடாது. கனடிய ஐந்து சத நாணயத்தின் விட்டம் 21.2 மில்லிமீட்டர். முனையின் மேல் நாணயத்தை வைத்துப் பாருங்கள், முனையின் வெட்டும் அலகு இரண்டு பக்கமும் கொஞ்சமாவது வெளியே தெரிய வேண்டும். பயிற்சிக்குப் போடும் உருண்டை முனையோடு மானை எய்வது குற்றம்.

இன்று கடையில் இருக்கும் பெரியவர்களுக்கான குறுக்குவில் பெரும்பாலும் 150 பவுண்டுக்கு மேல்தான், இழுவிசையில் யாரும் தவற வாய்ப்பில்லை. கவனிக்க வேண்டியது நீளத்தை. பெட்டியில் பவர் ஸ்ட்ரோக் என்று ஓர் எண் இருக்கும். நாண் ஓய்வு நிலையிலிருந்து, அதைப் பிடித்து நிறுத்தும் பூட்டு வரை நகரும் தூரம் அது. அதுவே 12 அங்குலமோ கூடவோ இருந்தால் 300 மில்லிமீட்டர் பற்றிய கவலை இல்லை. கையடக்கமாக வரும் புதிய வடிவங்களில் இந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். பழைய வில்லைக் கை மாற்றி வாங்கும்போது இழுவிசை எண் லிம்ப்பில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லிம்ப் என்பது வில்லின் வளையும் கை. அதன் ஓரத்தில் ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டிப் பாருங்கள். நார் சிக்கினால் அங்கே விரிசல் தொடங்கியிருக்கிறது, வாங்கக் கூடாது.

இந்த எண்கள் எல்லாம் அடித்தளம்தான். அவை உங்களைச் சட்டத்துக்குள் வைக்கும். மான் சில நொடிகளில் வீழ்வதா, காயத்தோடு இரண்டு கிலோமீட்டர் ஓடிச் சாவதா என்பது அம்பின் பின்முனையிலும் நாண் ஏற்றும் கையிலும் தூரக் கணிப்பிலும் இருக்கிறது.

அம்பு: எடையும் பின்முனையும்

குறுக்குவில் அம்பைக் கடையில் போல்ட் என்றும் ஆரோ என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. பரவலாகப் புழங்குவது 20 அங்குலக் கார்பன் அம்பு, 100 கிரெய்ன் முனையோடு சேர்த்து மொத்தம் 400 கிரெய்ன் அளவில், அதாவது சுமார் 26 கிராம். இந்த அம்பு நொடிக்கு 110 மீட்டர் வேகத்தில் போனால் ஏறத்தாழ 157 ஜூல் ஆற்றலைச் சுமக்கிறது. மானுக்கு அது தாராளம்.

வேகம் கூடும் என்று எடை குறைந்த அம்பு போடுவது கெட்ட பழக்கம். நாண் விடுபடும்போது லிம்ப்பில் இருந்த ஆற்றல் அம்புக்குள் போக வேண்டும். அம்பு இலேசானால் மிச்சம் லிம்ப்புக்கும், அதன் நுனியில் சுழலும் கேம் என்ற சக்கரத்துக்கும், நாணுக்கும் திரும்பி அடிக்கும். அம்பே இல்லாமல் விசையை அழுத்தினால் அந்த அடி முழுவதும் வில்லின் மேல்தான் விழும்: லிம்ப் பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் வீசலாம். தயாரிப்பாளர் கையேட்டில் குறைந்தபட்ச எடை என்று ஓர் எண் இருக்கும். அதற்குக் கீழே போகாதீர்கள்.

பின்முனையை நாக் என்பார்கள். தட்டை, அரைநிலா, நாணைக் கவ்விப் பிடிப்பது என்று பல வடிவம் உண்டு. பார்ப்பதற்குச் சின்ன வேறுபாடு, ஆனால் பெரிய விபத்துகள் இங்கிருந்து வருகின்றன. அரைநிலாப் பள்ளம் நாணோடு நேராக உட்காராமல் கொஞ்சம் திரும்பியிருந்தால், நாண் அம்பின் மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடும். அம்பு இருந்தும் அது வெறும் நாண் விட்டதற்குச் சமம். உங்கள் வில்லுக்கு எந்த நாக் என்று கையேடு சொல்கிறதோ அதை மட்டும் போடுங்கள். அம்பை வைத்ததும் நாண் வரை பின்னே தள்ளி, இடைவெளி இல்லை என்று விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். வித்தியாசமான நிறமுள்ள இறகு, அம்பு படுக்கும் தடமான ரெயிலின் பள்ளத்தில் கீழ்நோக்கி அமர வேண்டும்.

ஒவ்வொரு முறை எய்த பிறகும் கார்பன் அம்பை இரு முனையிலும் பிடித்து, முகத்தை விட்டுத் தள்ளி வைத்து, மெல்ல வளைத்துக் காது கொடுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அதை ஒடித்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட அம்பு எய்யும் நேரத்தில் சிதறினால் முன்கையைத் துளைக்கும்.

நாண் ஏற்றுவது

குறி தப்புவதற்குக் காரணம் தேடுகிறவர்கள் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் கண்ணாடியைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். குற்றம் பெரும்பாலும் இங்கே இருக்கும். நாணின் நடு பூட்டின் நடுவில் உட்காராவிட்டால் ஒரு லிம்ப் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இழுபடும். அம்பு ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகலே இலக்கில் தெரியும்.

இதற்கு எளிய வழி உண்டு. வில் ஓய்வில் இருக்கும்போது, ரெயிலின் இரு ஓரமும் நாணைத் தொடும் இடத்தில், நாணைச் சுற்றியுள்ள நூலின் மேல் வெள்ளை மார்க்கரால் இரண்டு மெல்லிய கோடு போடுங்கள். ஏற்றிய பிறகு அந்த இரண்டு கோடும் ரெயிலின் ஓரத்தில் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் கோடு மறைந்து மறுபக்கம் வெளியே தள்ளி நின்றால், அந்த அம்பை மானை நோக்கி எய்யாதீர்கள். இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

ஏற்றுவதற்குக் கையை நம்பாமல் கயிற்றை நம்புங்கள். நாணேற்றும் கயிற்றின் கொக்கிகள் கப்பி போல வேலை செய்வதால் 150 பவுண்டு கையில் 75 பவுண்டாகக் கனக்கும். இரண்டு பக்கமும் சமமாக வருவதும் அதனால்தான். முன்பக்க வளையத்துக்குள் பூட்ஸ் காலை முழுதாக நுழைத்துத் தரையோடு அழுத்துங்கள். ஈரத் தரையில் கால் நழுவினால் வில் எகிறித் தாடையில் அடிக்கும், அதனால் சேற்றில் வேண்டாம். கயிற்றைப் பின்தண்டின் பள்ளத்தில் போட்டு, கொக்கிகளை ரெயிலுக்கு ஒட்டி நாணில் மாட்டி, முதுகை நேராக வைத்து ஒரே மூச்சில் இழுங்கள். பூட்டு விழும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். பாதுகாப்பு விசை தானாக விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

எய்யும்போது முன்கையின் பெருவிரல் ரெயிலுக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. நாண் அந்த வழியாகத்தான் வருகிறது. நுனி விரல் போய்விடும். புதிய வில்களில் விரலைத் தடுக்கும் விளிம்பு இருந்தாலும், தடித்த குளிர்க் கையுறை அதைத் தாண்டி மேலே வரும்.

நாணுக்கு மெழுகு தேய்க்க வேண்டும். நடுவில் நூல் சுற்றிய பகுதிக்கு மெழுகு வேண்டாம், அது பூட்டுக்குள் போய்ப் படியும். ரெயிலுக்கு எண்ணெய் வேண்டுமா என்பது வில்லுக்கு வில் வேறு, கையேட்டைப் பாருங்கள். நூல் பிரிந்து வெள்ளையாகத் தெரிந்தால் பருவம் தொடங்குவதற்கு முன்பே நாணை மாற்றிவிடுங்கள்.

குறி சரிசெய்வதும் தூரமும்

20 மீட்டரில் உறுதியான தாங்கியின் மேல் வைத்து மூன்று அம்பு எய்யுங்கள். ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்றும் எங்கே விழுகின்றன என்று பார்த்து, அவற்றின் நடுவை வைத்தே ஸ்கோப்பைத் திருத்த வேண்டும்; ஒற்றை அம்பை நம்பித் திருகாதீர்கள். பல ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் அளவு நகர்த்தும். 20 மீட்டரில் அது 1.5 மில்லிமீட்டர்கூட வராது. 3 சென்டிமீட்டர் நகர்த்த 20 கிளிக் வேண்டும். இரண்டு மூன்று கிளிக் திருகிவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று ஸ்கோப்பைக் குறை சொல்வது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

பயிற்சி முனையில் குறி சரியான பிறகு, வேட்டைக்குக் கொண்டுபோகும் வெட்டுமுனையோடு மறுபடி எய்து பார்ப்பது கட்டாயம். இரண்டும் 100 கிரெய்ன்தான் என்றாலும் அலகு காற்றைப் பிடிக்கும், விழும் இடம் மாறும். முனை பொருத்திய அம்பை ஒரு கண்ணாடி மேசையில் உருட்டுங்கள்; முனை ஆடினால் சரியாகத் திருகப்படவில்லை அல்லது வளைந்திருக்கிறது. பயிற்சிக்கு எய்த அலகை அப்படியே காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், மழுங்கியிருக்கும்.

இனி தூரம். நொடிக்கு 110 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு 30 மீட்டரைக் கடக்கும்போது ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. 40 மீட்டரில் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். 30 மீட்டர் என்று கணித்து எய்த மான் உண்மையில் 40 மீட்டரில் நின்றால், அம்பு குறிவைத்த இடத்துக்கு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் கீழே போய்ச் சேரும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கீழே. மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான். நடுவைக் குறிவைத்தவருக்கு முன்காலில் அடி. ஆகவே கண்ணால் தூரம் சொல்லாமல் லேசர் தூரமானி வாங்குங்கள். உட்கார்ந்ததும் சுற்றியுள்ள நாலைந்து மரங்களின் தூரத்தை அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; மான் வந்த பிறகு கருவியைத் தூக்க நேரம் இருக்காது.

தூரத்துக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. 40 மீட்டரில் நிற்கும் மானின் காதுக்கு நாணின் சத்தம் 0.12 நொடியில் எட்டிவிடும். அம்பு போய்ச் சேர ஏறத்தாழ 0.36 நொடி. இடையில் ஏறத்தாழக் கால் நொடி. மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். அந்தக் கால் நொடியில் முதுகு இறங்கி அம்பு மேலே போய்விடும். வில் எவ்வளவு வேகமானாலும் அமைதியாக மேயும் மானுக்கு 35 மீட்டர், தலை தூக்கி விழித்து நிற்கும் மானுக்கு 20 மீட்டர் என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. விளம்பரத்தில் 100 மீட்டர் இலக்கை அடிக்கிறார்கள், ஆனால் அந்த இலக்கு நகராது.

எய்யும் கோணம்: பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது உங்களை விட்டு லேசாகத் திரும்பிய மான். நேராக முகம் காட்டும் மானையும் பின்பக்கம் காட்டும் மானையும் விட்டுவிடுங்கள்.

காட்டுக்குள்

வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரை. அதற்கு வெளியே காட்டுயிர் இருக்கும் இடங்களில் வில் இறக்கப்பட்டு உறைக்குள் இருக்க வேண்டும். குறுக்குவில்லில் நாண் ஏற்றி அம்பும் வைத்திருந்தால் அது சட்டப்படி நிரப்பப்பட்ட கருவி. அந்த நிலையில் வண்டியில் வைப்பது குற்றம். நின்றிருக்கும் வண்டி என்றாலும் அப்படியே. அம்பு இல்லாமல் நாண் மட்டும் ஏற்றியிருந்தால் சட்டம் அதை நிரப்பியதாகக் கொள்ளாது. ஆனால் ஏற்றிய நாணோடு வண்டியில் ஏறுவது ஆபத்து, செய்யாதீர்கள். பொதுச் சாலையின் குறுக்கேயும் சாலை நெடுகவும் எய்யக் கூடாது.

தனி வில் பருவத்தில் மான் வேட்டைக்கு ஆரஞ்சு உடை கட்டாயமில்லை. மான், எல்க், மூஸ் துப்பாக்கிப் பருவம் ஓடும் நாட்களில் நீங்கள் குறுக்குவில்தான் வைத்திருந்தாலும் ஆரஞ்சுத் தொப்பியும், இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் ஆரஞ்சும் எல்லாப் பக்கமும் தெரியும்படி வேண்டும். இலை வடிவம் அச்சிட்ட ஆரஞ்சு கணக்கில் சேராது. பரண் மேல் இருப்பவரும் இதற்கு விலக்கில்லை.

மான் சிறுநீர், சுரப்பி வாசனை அடங்கிய கவர்ச்சித் திரவங்களை வேட்டைக்கு வைத்திருப்பதோ பயன்படுத்துவதோ கூடாது. மான்களின் மூளையைத் தாக்கும் தீராத சோர்வு நோய் அவற்றின் உடல் திரவங்கள் வழியாகப் பரவுவதே காரணம். செயற்கை வாசனை வாங்கலாம், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

தனியார் நிலத்தில் சிவப்பு அடையாளம் என்றால் நுழையவே கூடாது; மஞ்சள் என்றால் குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டும் அனுமதி. வேலி போட்ட நிலமும் பயிர் நிற்கும் நிலமும் பலகை இல்லாவிட்டாலும் மூடியதே. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அடிபட்ட மான் பக்கத்து வளவுக்குள் ஓடினால், அங்கேயும் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். பருவத்துக்கு முன்பே அயலவரிடம் பேசி வைப்பது இதற்காகத்தான்.

மரப்பரணில் உட்காருபவர் தரையை விட்டு முதல் கால் தூக்குவதற்கு முன்பே முழு உடல் ஹார்னஸை மாட்டி உயிர்க்கயிற்றோடு இணைத்திருக்க வேண்டும். மேலே இடம் குறுகல், அங்கே நாண் ஏற்றுவது கடினம். தரையிலேயே ஏற்றுங்கள், அம்பு வைக்காதீர்கள். பின்தண்டில் கயிறு கட்டி, முன்வளையம் தரையைப் பார்க்கும்படி தூக்குங்கள். மேலே உட்கார்ந்து பட்டை கட்டிய பின்தான் அம்பு. லிம்ப் இரண்டும் முன்னோக்கிப் பாயும்போது தொடும் தூரத்தில் கிளையோ, பரணின் கைப்பிடிக் கம்பியோ, கூடாரத் துணியோ இருக்கக் கூடாது. வில்லை இருபுறமும் ஒரு முறை வீசிப் பார்த்து, இடிக்கும் சுள்ளியை முன்னமே வெட்டிவிடுங்கள்.

நாள் முழுதும் மான் வரவில்லை என்றால் நாணை எப்படி இறக்குவது? விசையைப் பிடித்துக்கொண்டு கயிற்றால் மெல்ல விடுவதற்கு வசதி உள்ள மாதிரிகள் சில உண்டு. மற்றவற்றில் அதை முயன்றால் கை போகும். பொதுவான வழி, பயிற்சி முனை பொருத்திய ஒரு பழைய அம்பைக் கூடவே வைத்திருந்து, நேரம் முடிவதற்குள் சில மீட்டர் தள்ளிக் கல் இல்லாத மென்மண்ணில் எய்துவிடுவது. இரவு முழுதும் ஏற்றி வைத்தால் நாணும் லிம்ப்பும் தளர்ந்துபோகும்.

அம்பு பட்ட பிறகு

அசையாமல் இருங்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் ஏதாவது ஒரு மரத்தோடு சேர்த்து நினைவில் குறியுங்கள். பிறகு இறங்கி அம்பைத் தேடுங்கள், அதுதான் எல்லாவற்றையும் சொல்லும். இளஞ்சிவப்பு இரத்தம், சிறு குமிழ்களோடு: நுரையீரல். அரை மணி பொறுத்துப் பின்தொடரலாம், மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு, குமிழ் இல்லை: ஈரலாக இருக்கலாம், நான்கு மணி நேரமாவது விடுங்கள். பச்சையோ பழுப்போ கலந்து, நாற்றம் வந்தால் குடல். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்திருக்கும் மான் எழுந்து ஓடும், இரத்தத் தடம் இல்லாமல் போகும். எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பதே அந்த மானைக் கண்டெடுக்கும் வழி. மழை வரப்போகிறது என்றால் மட்டும் கணக்கு மாறும்.

ஒவ்வொரு இரத்தத் துளிக்கும் பக்கத்தில் ஒரு துண்டு டாய்லெட் பேப்பர் போட்டுக்கொண்டே போங்கள். தடம் அறுந்தால் திரும்பிப் பார்க்கும்போது அந்த வெள்ளைத் துண்டுகள் மான் போன திசையைக் கோடாகக் காட்டும். இருட்டிவிட்டால் வில்லை உறையில் இட்டு வண்டியில் வைத்துவிட்டு விளக்கோடு மட்டும் தேடுங்கள். அடிபட்ட விலங்கை மீட்க இயன்ற முயற்சி எல்லாம் செய்வது சட்டக் கடமை. இறைச்சியைக் கெட விடுவதும் குற்றம்.

கண்டெடுத்ததும், இடத்தை விட்டு நகர்த்துவதற்கு முன், டேக்கில் தேதி, நேரம், பால் ஆகியவற்றுக்குரிய இடங்களை வெட்டிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் குடல் நீக்குவது. அக்டோபர் தொடக்கத்தில் பகலில் 15 பாகை வெப்பம் இருந்தால் வயிற்றுக்குள் சூடு தங்கி இறைச்சி அதே நாளில் கெடும். விலாவைக் குச்சியால் விரித்து வைத்து, ஐஸ் பைகளை உள்ளே திணித்து, வீடு போக வேண்டியதுதான். பருவம் முடிந்ததும் மாகாணத்துக்கு அறிக்கை அனுப்புவது மான் உரிமம் வாங்கிய எல்லோருக்கும் கட்டாயம், ஒரு நாள்கூடக் காட்டுக்குப் போகாதவருக்கும்.